மாத்திரையை நிறுத்தச் செய்த நூல்

கேள்வி: மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தங்கைக்குச் சபையைச் சேர்ந்த சகோதரிகள் சில கிறிஸ்தவ தன்னுதவி நூல்களைக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்றைப் படித்தவள், விசுவாசக் குறைவே தன் நோய்க்குக் காரணம் என்று சொல்லி மாத்திரைகளை நிறுத்திவிட்டாள். நூல்களை அவளிடமிருந்து வாங்கி வைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நூல்களைப் பிறகு பார்ப்போம், மாத்திரையே அவசரம். மனச்சோர்வு மருந்துகள் பலன் தரத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும்; அவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் பதற்றமும் ஏற்படலாம், நோயும் திரும்பலாம். எந்த நாளில் நிறுத்தினாள் என்பதை மருத்துவரிடம் சொல்லி, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்று கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி அவள் பேசினால், தாமதிக்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

இத்தகைய நூல்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய, தவறான எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சை முறையைத் தழுவி, எண்ணங்களை எழுதிப் பார்த்துச் சோதிக்கும் பயிற்சிகளை வேத வசனங்களோடு இணைத்துத் தருபவை சில. அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் 1970-இல் முன்வைத்த ஆலோசனை முறையைப் பின்பற்றி, உடற்காரணம் இல்லாத மனத்துன்பத்துக்குப் பெரும்பாலும் பாவமே வேர் என்று கொள்பவை வேறு சில. காரணமற்ற குற்றவுணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளுள் ஒன்று என்பதால், இரண்டாம் வகை நூல் உங்கள் தங்கை போன்றவருக்கு நோயையே தீனியிட்டு வளர்ப்பதாகிவிடும். அந்த ஒரு நூலை வாங்கி வையுங்கள். மற்றவற்றை மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதிப்பதை மட்டும், நாளுக்கு ஓரிரு பக்கமாக அவளுடன் அமர்ந்து படியுங்கள். சோர்வு மிகுந்திருக்கும்போது மனம் ஒருமுகப்படாது. தடித்த நூலைத் தனியே முடிக்கச் சொல்வது இன்னொரு தோல்வியையே தரும்.

சகோதரிகளிடம் கோபப்பட வேண்டாம். நல்லெண்ணத்தோடு கொடுப்பவர்கள் பலர், தாங்கள் கொடுப்பதை முழுவதும் படித்திருப்பதில்லை. சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் தந்து, அவன் மறுபடியும் படுத்துறங்கும்வரை பொறுத்திருந்தான் (1 இராஜாக்கள் 19). இதை உங்கள் போதகரே அவர்கள் முன்னிலையில் எடுத்துச் சொன்னால், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் ஆகாது என்பதை உங்கள் தங்கையும் எளிதில் ஏற்றுக்கொள்வாள்.