பின்னால் விங் வைத்தால் கார் வேகமாகப் போகுமா?

கேள்வி: முன்சக்கரங்களில் இயங்கும் சிறிய ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். வாரம் மூன்று முறை நான்குவழிச் சாலையில் திருநெல்வேலி போய்வருகிறேன். பின்கதவில் உயரமான அலுமினிய விங்கும் முன்பம்பருக்கு அடியில் ஸ்ப்ளிட்டர் என்ற தட்டைப் பலகையும் பொருத்தினால் வேகமும் பிடிப்பும் கூடும் என்று மதுரையில் ஒரு கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா? – வாசகர், திருமங்கலம்

பதில்: வேகம் அதிகரிக்காது. விங் காற்றைத் தடுப்பதால் சற்றுக் குறையவே செய்யும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நான் பார்த்தவரை பறப்பது தகரக்கூரைதான். கூரைக்கு மேலே காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, கூரை மேலெழும்புகிறது. வளைந்த முதுகுள்ள காருக்கும் அதிவேகத்தில் இதுவே நேர்கிறது. 1998-இல் வந்த ஆடி டிடி (மாதமல்ல, ஜெர்மானியக் கார்) அதிவேகச் சாலைகளில் நிலைதடுமாறி விபத்துகள் நடந்தபின், அந்த நிறுவனம் விற்ற கார்களைத் திரும்ப அழைத்துச் சஸ்பென்ஷனை மாற்றியதோடு பின்னால் ஸ்பாய்லர் என்ற சிறிய காற்றுத் தடுப்பும் வைத்தது.

ஸ்பாய்லர் காரை மேலெழுப்பும் விசையைக் குறைக்கிறது. விங் ஒரு படி மேலே போய், தலைகீழாக வைத்த விமான இறக்கைபோல் காரைக் கீழே அழுத்துகிறது. அழுத்துவதற்கு டிக்கியில் ஓர் அரிசி மூட்டையை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வளைவில் மூட்டையின் எடையும் சேர்ந்து காரை வெளியே தள்ளும். காற்றின் அழுத்தத்துக்கு எடை கிடையாது; டயருக்குப் பிடிப்பை மட்டும் தருகிறது. பந்தயக் கார்கள் விங்கை விரும்புவது இதனால்தான்.

ஆனால் அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது: வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள நல்ல விங், தடையற்ற காற்றில் 200 கி.மீ. வேகத்தில் சுமார் 45 கிலோ அழுத்தம் தரலாம். 100 கி.மீ. வேகத்தில் 11 கிலோ. மதுரைக் கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிடைக்கும் அழுத்தத்தைவிட, விங்கில் ஒரு காக்கை உட்கார்ந்தால் கிடைப்பது அதிகம். உங்கள் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு: பின்னச்சுக்குப் பின்னால் அழுத்தினால் ஏற்றப்பலகைபோல் முன்பக்கம் லேசாகத் தூக்கும். இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரங்கள்தாமே!

ஸ்ப்ளிட்டர் முதல் வேகத்தடையிலேயே உரசிப் பெயர்ந்துவிடும். பின்கதவில் துளையிட்டால் மழைநீர் இறங்கித் துருப்பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

அழகுக்காக என்றால், கூரை விளிம்பில் நிறுவனமே தரும் சிறிய ஸ்பாய்லர் போதும். பிடிப்புக்காக என்றால் பணத்தை டயரில் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. உங்கள் டயர் பழையதா என்று இன்றே குனிந்து பாருங்கள்.