துப்பாக்கி உதைத்த தோள்: ஆறு வாரமாகியும் கை மேலே போகவில்லையே?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எனக்கு. வயது 52. ராணுவத்தில் 17 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். இப்போது தருமபுரியில் ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலர் வேலை. ஆறு வாரத்துக்கு முன் சுடும் பயிற்சியில் டபுள் பேரல் 12 போர் துப்பாக்கியால் ஐந்து ரவுண்டு சுட்டேன். ஐந்தாவதில் சரியான உதை. வலது தோள் கருநீலமாகிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். வீட்டில் எண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார்கள். மூன்று வாரம் ஆர்ம் பவுச் மாட்டிக் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். கருமை போய்விட்டது, ஆனால் கை தோளுக்கு மேல் போகவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. இடது காதில் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம். எட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு. ராணுவத்தில் அத்தனை ரவுண்டு சுட்ட எனக்கு ஐந்து தோட்டாவில் இப்படி ஆகுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வலியைவிட அதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தோன்றுகிறது.

ராணுவத்தில் நீங்கள் அதிகம் சுட்டது இன்சாஸ் ரைஃபிளாக இருக்கும். அதன் குண்டு வெறும் 4 கிராம், துப்பாக்கியோ 4 கிலோவுக்கு மேல். 12 போர் தோட்டாவில் 30 கிராமுக்கு மேல் ரவை (சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்) இருக்கிறது, துப்பாக்கி சுமார் 3 கிலோதான். முன்னால் போகும் சரக்கு அதிகம், பின்னால் வரும் கட்டை லேசு. கணக்குப் போட்டால் உதையின் ஆற்றல் இன்சாஸைப் போல ஏழெட்டு மடங்கு வருகிறது. பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் உதைகூட இதில் பாதிதான். ஆக, நீங்கள் பழகிய உதை வேறு, வாங்கிய உதை வேறு.

ஐந்தாவது ரவுண்டில் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. நாலு அடி வாங்கிய உடம்பு, ட்ரிகரை அழுத்தும்போதே தோளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். நமக்கே தெரியாது. துப்பாக்கியின் பின்கட்டைக்கும் (‘பட்’ என்கிறோமே, அது) தோளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விழுந்தால் போதும், தள்ளாக வரவேண்டியது குத்தாக வந்துவிடும். பட் தோள்குழியை விட்டு நழுவிப் புஜத்து எலும்பிலோ காறை எலும்பிலோ உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம்.

ஆனால் உங்கள் இன்றைய வலிக்குத் துப்பாக்கியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ரத்தக்கட்டு அதன் போக்கில் கரைந்துவிட்டது. கையை இறுக்கியது அந்த மூன்று வாரம் பவுச்சில் கிடந்ததுதான் என்று நினைக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்மூட்டின் உறை சீக்கிரம் தடித்துச் சுருங்கும். ‘ஷோல்டர் ஜாம் ஆயிடுச்சு’ என்கிறோமே, அதுதான். எலும்பு முறியாத அடிக்கு இரண்டு மூன்று நாள் பவுச் போதும்.

ஒரு சின்னச் சோதனை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையைத் தளரவிட்டு, வீட்டில் ஒருவரை மெதுவாக உயர்த்தச் சொல்லுங்கள். அவர் தூக்கும்போது மேலே போகிறது, நீங்களாகத் தூக்கினால் போகவில்லை என்றால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண் கிழிந்திருக்கலாம். யார் தூக்கினாலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அது இறுக்கம். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இறுகிய தோளில் முதலில் போவது அந்தத் திருப்பம்தான்.

இன்னொன்று, சட்டைக் கையில் ஹவில்தார் பட்டை தைப்பார்களே, அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மறு கையில் தெரிகிற அளவுக்குத் தொடு உணர்ச்சி இல்லையா? அப்படியானால் தோளைச் சுற்றி வரும் நரம்பு அடிபட்டிருக்கலாம். விரல் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரே நன்றாக இருந்ததே என்பீர்கள். காறை எலும்புக்குக் கீழே காக்கை அலகுபோல ஓர் எலும்பு முனை உண்டு. பட் சரியாக அதற்குப் பக்கத்தில்தான் இடிக்கும். அதில் விழும் கீறல் நேராக எடுக்கும் படத்தில் தெரியாமல் போகலாம். எனவே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் ‘துப்பாக்கி உதைத்தது’ என்றே சொல்லிக் காட்டுங்கள். ‘அடிபட்டது’ என்று பொதுவாகச் சொன்னால் அந்தக் கோணத்தில் படம் எடுக்க அவருக்குத் தோன்றாது.

அவர் இறுக்கம்தான் என்று சொன்னால் பயிற்சிதான் வைத்தியம். பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். பிறகு இடது கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலது கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். சுவரில் விரலால் ஏறி, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நாளைக்குக் கோடு ஒரு அங்குலம் மேலே போனால் சந்தோஷம். பழைய கிணற்றுக் கப்பி வீட்டில் கிடந்தால் விட்டத்தில் கட்டிக் கயிறு மாட்டுங்கள். இடது கை இழுக்க வலது கை ஏறும், பிசியோதெரபி அறையில் இருப்பதும் அதேதான். ஒரு நாளைக்கு மூன்று வேளை. குணமாகச் சில மாதங்கள் ஆகும், அப்படியே விட்டால் ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், அதற்குத் தயாராக இருங்கள். மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். சர்க்கரை உள்ள சிறுநீரகம் அதைத் தாங்காது.

நீவிவிட்டதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது ரத்தக்கட்டுக்கு முதல் இரண்டு நாள் ஐஸ்தான். அழுத்தி நீவினால் ரத்தம் இன்னும் கசியும். சில சமயம் தசைக்குள் சுண்ணாம்பு படிந்து எலும்புபோல் கட்டிவிடும்.

காதை நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் முதலில் காட்டச் சொல்லியிருப்பேன். 12 போர் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே வெடி போதும், உள்காது கெடலாம். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காது குழல் முனைக்கு நேராக இருக்கிறது, வலது காது தலையின் மறைவில் ஒதுங்கிவிடுகிறது. அதனால்தான் உங்களுக்கு இடது. முதல் இரண்டு வாரத்தில் வந்திருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையால் பலன் கிடைத்திருக்கலாம். இப்போதும் ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுத்துவிடுங்கள். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் தெரிந்தால் அதில் உங்கள் 17 வருடத்துப் பங்கும் இருக்கும். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் எதிரில் இருப்பவர் பேச்சு புரியாமல் போவது இப்படித்தான் தொடங்கும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக: பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கம் காட்டுப்பன்றிக்கு என்று நாட்டுத் துப்பாக்கியில் கைக்கணக்காக வெடிமருந்து கெட்டிப்பவர்களுக்கு உதை தோளோடு நிற்பதில்லை. குழல் பிளந்தால் கண்ணும் விரலும் போகும். உரிமமில்லாமல் வைத்திருப்பது குற்றம், தெரிந்ததுதான். அப்படிக் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் ‘பட்டாசு வெடித்தது’ என்று சொல்லாதீர்கள். உள்ளே இரும்புத் துண்டு இருக்கிறதா என்று தேட வேண்டியவர் மருத்துவர்.

நீங்கள் மறுபடி சுடுவது தோள் முழுதாகச் சுழன்ற பிறகு. துப்பாக்கியின் பின்கட்டையில் ரப்பர் பேட் போட்டுத் தரும்படி வங்கியில் எழுதிக் கேளுங்கள். மார்புக்கும் புஜத்துக்கும் நடுவிலுள்ள குழியில் பதித்து, உடம்பை முன்னால் சாய்த்து, பின்கட்டையைத் தோளோடு இறுக்கி இழுத்துப் பிடியுங்கள். காதில் பஞ்சு வேண்டாம், ஃபோம் பிளக் வைத்து அதற்கு மேல் காதை மூடும் மஃப். டபுள் பேரலில் இரண்டு ட்ரிகர் இருந்தால் ஒரு விரலை மட்டும் உள்ளே விடுங்கள். உதையில் பின்னதும் அழுந்திவிட்டால் இரண்டு குழலும் சேர்ந்து வெடிக்கும்.