பெரிய பிரச்சினை எதுவும் இல்லாதபோதும் வருகின்ற மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

"பெரிய பிரச்சினை என்று எதுவும் இல்லை. ஆனாலும் எந்நேரமும் பதற்றமாக இருக்கிறது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். மருந்து இல்லாமல் இதைச் சமாளிக்க வழி உண்டா?" என்று யாழ்ப்பாணத்தில் அரச அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் சகோதரி கேட்டிருக்கிறார். உங்கள் கேள்வியின் முதல் வரிதான் என்னை எழுத வைத்தது. "நாங்கள் ஷெல்லடிக்குள்ளேயே வாழ்ந்தனாங்கள், உங்களுக்கு இப்ப என்ன குறை?" என்று உங்கள் வீட்டிலும் யாரோ சொல்லியிருப்பார்கள். அதனால்தான் பிரச்சினை இல்லை என்ற வாக்குமூலத்தோடு கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

யுத்தத்தால் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்துபோன சனத்துள் என் பெற்றோரும் இருந்தார்கள். அந்தத் துயரத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், ஆபத்து என்று மூளை கருதும் எதற்கும் உடல் ஒரே வகையிலேயே எதிர்வினை காட்டுகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலின், கோர்ட்டிசோல் என்ற ஓமோன்களைச் சுரக்கின்றன, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியதும் இவை தணிய வேண்டும். நாளாந்த அழுத்தத்தில் அவை முழுமையாகத் தணிவதற்குள் அடுத்த தொலைபேசி அழைப்பு வந்துவிடுகிறது. உடம்புக்குள் நடப்பதை முந்தைய தலைமுறையின் துன்பத்தோடு நிறுத்துப் பார்த்து இல்லையென்று ஆக்கிவிட முடியாது.

நான் ஒரு நிதி நிறுவனத்தின் அடகுப் பிரிவில் வேலை செய்கிறேன். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது அந்தப் பிரிவில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தாலிக்கொடியைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வரும் பெண்ணிடமிருந்து அதை வாங்கி, உரைகல்லில் உரைத்து, தராசில் வைத்து, இத்தனை பவுண், இவ்வளவுதான் தரலாம் என்று சொல்ல வேண்டும். வட்டி கட்ட முடியாதவர்களுக்கு ஏல அறிவித்தல் அனுப்புவதும் என் வேலைதான். இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குழுவில் மறுநாள் இலக்கு வந்து விழும், அதைப் பார்த்ததற்கு அப்போதே பதில் போட வேண்டும். நான் அழவில்லை, யாரோடும் சண்டை பிடிக்கவுமில்லை. என் நிலையை முதலில் கண்டுபிடித்தவர் பல் வைத்தியர். கடைவாய்ப் பல் கூசுகிறது என்று போன என்னிடம், பற்களின் மேற்பரப்பு தேய்ந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டி, "நித்திரையில் பல்லை நெருமுகிறீர்களா?" என்று கேட்டார். காலையில் தாடை வலிப்பதும் தலையிடிப்பதும் எதனால் என்று அன்றுதான் விளங்கியது.

அதன்பின் நான் கடைப்பிடிப்பவற்றில் முதன்மையானது நடை. வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் பண்ணைக் கடற்கரையோரம் அரை மணி நேரம் நடக்கிறேன். சோளகம் வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் நடந்தால் உடம்பு நன்றாகவே களைக்கும். வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறிவிடும். "பிள்ளைகள் வீட்டில் காத்திருக்க உங்களுக்குக் கடற்கரை கேட்குதோ?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என்னையும் கேட்டார்கள். என் மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதால்தான் இது எனக்கு முடிகிறது என்பதை மறைக்கவில்லை. அந்த வசதி இல்லாதவர்கள் இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே பஸ்சை விட்டு இறங்கி நடக்கலாம், பிள்ளைகளோடு ஒழுங்கையில் நடக்கலாம். அலுவலகக் கோபம் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன் உடம்புக்கு ஓர் இடைவெளி கிடைக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இரண்டாவது மூச்சு. நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகசு நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. இதை வெளிநாட்டு நாகரிகம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், மந்திர உச்சாடனம் போன்ற மரபுவழி முறைகளை உளச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டவர். சைவர்களுக்கு நமசிவாய, கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை, இஸ்லாமியர்களுக்குத் திக்ர் என அவரவருக்குப் பழகிய வடிவிலேயே இதைச் செய்யலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு எண்ணிக்கையே போதும்.

பின்னேரத் தேநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேநீரில் உள்ள, நித்திரையைக் கலைக்கும் கஃபீனின் பாதியை உடல் வெளியேற்றவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். எங்கள் வீடுகளில் ஆறு மணிக்குப் பிறகும் ஒரு பிளேன்ரீ போடுவது வழக்கம், பதினொரு மணிக்கு நித்திரை வராமல் புரளும்போது அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நான் கடைசித் தேநீரை மதியத்தோடு நிறுத்திவிட்டேன். கைத்தொலைபேசி இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சமையலறையில் கிடக்கிறது. முகாமையாளரிடம், அவசரமென்றால் வீட்டுத் தொலைபேசிக்கு அழையுங்கள், மற்றவற்றைக் காலையில் பார்க்கிறேன் என்று மரியாதையாகவே சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் வேலை போகவில்லை. எல்லா இடத்திலும் இப்படிச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும்.

கதைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதை இவை எல்லாவற்றிலும் மேலாகச் சொல்வேன். இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் பல குடும்பங்கள் ஒரே வீட்டில் இருந்த காலத்தைச் சொல்லும்போது அம்மா, "இரவில கிணற்றடியில இருந்து கதைச்சு ஆத்துவம்" என்பார். துன்பம் பெரிதாக இருந்தாலும் அதைக் கேட்கப் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இன்று நாங்கள் அவரவர் அறையில் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் என் கணவரிடம், தீர்வு சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். ஏலத்துக்குப் போன நகைகளைப் பற்றி அவரிடம் சொல்லத் தொடங்கிய பிறகு, அவற்றை நித்திரையில் காண்பது குறைந்திருக்கிறது.

நான் வைத்தியர் அல்லள், இவை எனக்குப் பயன்பட்டவை. மருந்து இல்லாமல் என்று கேட்டிருக்கிறீர்கள், வைத்தியர் எழுதித் தராத நித்திரைக் குளிசைகளைத் தவிர்ப்பது சரிதான். ஆனால் நித்திரையின்மையும் எதிலும் பற்றில்லாத நிலையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உளநலப் பிரிவுக்குப் போங்கள். யாராவது கண்டுவிடுவார்கள் என்று தயங்கினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைத்துத் தமிழில் பேசலாம்.