காதுக்குள் புகுந்த மெட்டு

கேள்வி: ஒரு பாட்டின் ஒரே வரி நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் அதை ஆங்கிலத்தில் 'இயர்வோர்ம்' என்கிறார்கள். காதுக்கும் புழுவுக்கும் என்ன தொடர்பு? தமிழில் எப்படிச் சொல்வது? அதை நிறுத்த வழி உண்டா?

பதில்: இது ஜெர்மன் மொழி தந்த சொல். அங்கே 'ஓர்' என்றால் காது, 'வுர்ம்' என்றால் புழு. ஆனால் 'ஓர்வுர்ம்' என்பது முதலில் ஒரு பூச்சியின் பெயர். பின்பக்கம் இடுக்கி போன்ற உறுப்புடன் ஈரமான சந்துகளில் ஒளிந்திருக்கும் சின்னப் பூச்சி அது. தூங்குபவரின் காதுக்குள் புகுந்துவிடும் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் பயந்தார்கள், வீண் பயம்தான். கூப்பிடாமலே நுழைந்து வெளியேற மறுக்கும் மெட்டுக்கு, 20-ம் நூற்றாண்டில் இந்தப் பெயர் பொருந்திப்போனது. ஆங்கிலம் அதை அப்படியே இரண்டு துண்டாக மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டது. டெஸ்மண்ட் பேக்லி 1978-ல் எழுதிய நாவலில், இது ஜெர்மானியர் சொல்வது என்ற குறிப்போடுதான் வருகிறது.

மக்காச்சோளக் கதிரைத் தின்னும் புழுவுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. அங்கே 'இயர்' என்பது கதிர். பழைய ஆங்கிலத்தில் காதும் கதிரும் வெவ்வேறு சொற்கள்; காலப்போக்கில் தேய்ந்து ஒரே ஒலியாகிவிட்டன.

தமிழில் 'காதுப்புழு' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். நமக்குப் புழு என்றாலே சீழும் அழுகலும்தான் நினைவுக்கு வரும். 'முணுமுணுக்க வைக்கும் பாட்டு' என்பதும் சரியில்லை. முணுமுணுப்பது வாய், இதுவோ வாய் மூடியிருக்கும்போதும் ஓடும். 'ஒட்டிக்கொண்ட பாட்டு' என்றால் யாருக்கும் புரியும்.

எது ஒட்டும்? சற்று வேகமான, ஏறி இறங்கும் போக்கு பழகியதாகவும், நடுவே எதிர்பாராத ஒரு தாவல் உள்ளதாகவும் இருக்கும் மெட்டுகள் என்று 2016-ல் வெளிவந்த டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது.

நினைக்கவே கூடாது என்று அடக்கினால் இன்னும் வலுவாகத் திரும்பும். பல்லவி மட்டும் தெரிந்து மிச்சம் தெரியாதபோது, மனம் அந்தத் துண்டிலேயே சுற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. அப்போது பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சூயிங்கம் மெல்லலாம்: மனதுக்குள் பாடும்போதும் பேச்சுக்கான உறுப்புகளின் இயக்கம் தேவைப்படுகிறது, மெல்லும் தாடை அதைக் குலைக்கிறது. ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2015-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சுடோகுவும் உதவும், நடுத்தரக் கடினமாக இருந்தால். ரொம்ப எளிதென்றாலும் ரொம்பக் கடினமென்றாலும் கவனம் நழுவும். அந்த இடைவெளியில் பாட்டு மறுபடி தொடங்கிவிடும்.