கார் ஆம்ப்ளிஃபையருக்கு வீட்டில் மின்சாரம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: காரிலிருந்து கழற்றிய நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரை 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் இணைத்தேன். பச்சை விளக்கு எரிகிறது, மெதுவாக வைத்தால் பாடுகிறது. பேஸ் வந்தவுடன் அணைந்து, மறுபடி தானே உயிர் பெறுகிறது. ஆம்ப்ளிஃபையர் பழுதா?

பதில்: பழுது இல்லை, பசி. வோல்ட் சரியாக இருக்கிறது, ஆம்பியர் போதவில்லை. கார் ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறது. 12 வோல்ட்டை வாங்கி அதைவிட உயர்ந்த பிளஸ், மைனஸ் மின்னழுத்தங்களாக மாற்றித்தான் ஸ்பீக்கரை ஓட்டுகிறது. ஒரு டிரம் அடி விழும்போது அது கண நேரத்துக்கு 15, 20 ஆம்பியர்கூடக் கேட்கும். கார் பேட்டரி அதைச் சிரமமில்லாமல் தரும். உங்கள் அடாப்டரோ துவண்டுபோகும். மின்னழுத்தம் ஏறக்குறைய 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்கள் தாமே அணைந்துகொள்ளும். அணைந்ததும் சுமை இறங்குகிறது, அடாப்டர் நிமிர்கிறது, மறுபடி ஆன் ஆகிறது. நீங்கள் பார்ப்பது இந்தச் சுழற்சியைத்தான்.

தேவையை இப்படிக் கணக்கிடுங்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட 'மேக்ஸ்' வாட்ஸை மறந்துவிடுங்கள்; ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய) வாட்ஸ்தான் கணக்கு. சேனலுக்கு 50 வீதம் நான்கு சேனல் என்றால் 200 வாட்ஸ். கிளாஸ் ஏபி என்ற வழக்கமான வகை ஆம்ப்ளிஃபையரில் உள்ளே போவதில் ஏறக்குறைய பாதி சூடாகவே போகும். ஆகவே 400 வாட்ஸ் வேண்டும், 12 வோல்ட்டில் 33 ஆம்பியர். குறைவாகச் சூடாகும் கிளாஸ் டி வகை என்றால் 80 சதவீதம் பயனாகும். 21 ஆம்பியர் போதும். இது முழு வேகத்தில் இடைவிடாமல் ஓட்டினால். பாட்டு அப்படி ஓடுவதில்லை. சராசரி இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒரு அறையில் கேட்க 15 முதல் 20 ஆம்பியர் தரும் சப்ளை நன்றாகவே போதும். 'மேக்ஸ்' எண்ணை நம்பலாமா என்று பார்க்க ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். ஒற்றை 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட பெட்டி, கார் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டில் தொடர்ச்சியாக உள்ளே வாங்குவதே 420 வாட்ஸ்தான். அதிலிருந்து 1000 வாட்ஸ் எப்படி வெளியே வரும்?

கேள்வி: பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். (மின்சப்ளைப் பெட்டி) போதுமா, அல்லது எல்.இ.டி. பட்டைகளுக்குப் போடும் ஓட்டை போட்ட உலோகப் பெட்டி நல்லதா?

பதில்: வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உலோகப் பெட்டியே நல்லது, 12 வோல்ட், 30 ஆம்பியர் என்று லேபிளில் இருப்பதைப் பாருங்கள். டெர்மினல்களுக்கு அருகே ஒரு சிறிய திருகு இருக்கும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு அதைத் திருகி 13.8 வோல்ட்டுக்கு ஏற்றலாம், 14.4-ஐத் தாண்ட வேண்டாம். பெட்டியில் 115/230 தேர்வு சுவிட்ச் இருந்தால், மின்சாரம் கொடுக்கும் முன் அது சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 230 வோல்ட் இணைப்பில் 115-இல் விட்டால் போட்ட நொடியே வெடிக்கும். எர்த் இணைப்பைக் கட்டாயம் கொடுங்கள். மெயின்ஸ் திருகுகள் திறந்தே இருப்பதால் குழந்தைகளின் கை எட்டாதபடி மூடி அமையுங்கள், காற்று போகவும் வழி வையுங்கள்.

கையில் இருப்பது கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். என்றால் லேபிளில் 12 வோல்ட் பகுதிக்கு எத்தனை ஆம்பியர் என்று தேடுங்கள். மொத்த வாட்ஸை நம்பாதீர்கள். பெரிய கனெக்டரில் உள்ள பச்சை ஒயரை ஒரு கறுப்பு ஒயருடன் சேர்த்தால் அது ஆன் ஆகும். மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு நெகட்டிவ். ஒற்றை மஞ்சள் ஒயர் மெல்லியது, சூடாகும். பல மஞ்சள்களை ஒன்றாகவும் அத்தனை கறுப்புகளை ஒன்றாகவும் முறுக்கி எடுங்கள். லேபிளில் 12 வோல்ட் பகுதி இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் மட்டும் அவற்றை ஒன்றாக்க வேண்டாம். பழைய மாடல்களில் 5 வோல்ட் பக்கம் சுமை இல்லையென்றால் 12 வோல்ட் தொய்ந்துவிடும். சிவப்புக்கும் (5 வோல்ட்) கறுப்புக்கும் இடையே 10 ஓம், 10 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். 13.8-க்கு ஏற்றுவதற்காக இந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடும். 14.4-க்குப் பதில் 12 வோல்ட் கொடுத்தால் சக்தி 30 சதவீதம் குறையலாம். காதுக்கு அது ஒன்றரை டெசிபல்தான்.

கேள்வி: ஒயர் எந்தக் கனம்? ரிமோட் டெர்மினலை என்ன செய்வது?

பதில்: 30 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஒரு மீட்டருக்குள். 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் அதே ஒரு மீட்டர் போக வரவிலேயே முக்கால் வோல்ட் தொலைந்துவிடும். தூரம் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் ஒயரை நீட்டுங்கள், இதை நீட்டாதீர்கள். பாசிட்டிவில் ஃபியூஸ் அவசியம். பிளஸ், மைனஸ் மாறினால் ஆம்ப்ளிஃபையரே போகலாம், இருமுறை பாருங்கள். ரிமோட் டெர்மினலுக்கு 12 வோல்ட் போனால்தான் ஆம்ப்ளிஃபையர் விழிக்கும். பாசிட்டிவிலிருந்து ஒரு சிறு சுவிட்ச் வழியாக மெல்லிய ஒயர் போதும். நேரடியாகப் பாலம் போடாமல் சுவிட்ச் வைப்பதற்குக் காரணம் உண்டு: அணைக்கும்போது முதலில் ரிமோட், பிறகு மெயின்ஸ். அப்போது ஸ்பீக்கரில் 'தொப்' என்ற சத்தம் வராது.

கேள்வி: பேஸ் வலுவாக வர 1 ஃபேரட் கெபாசிட்டரையும் சேர்க்கலாமா? இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை இணைத்தால்?

பதில்: இரண்டுமே வேண்டாம். காலியான 1 ஃபேரட் கெபாசிட்டர் எஸ்.எம்.பி.எஸ். கண்ணுக்கு ஷார்ட் சர்க்யூட் மாதிரி. டிக், டிக் என்று விட்டுவிட்டு முயன்று நின்றுவிடும். 10,000 மைக்ரோஃபேரட், 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றை ஆம்ப்ளிஃபையர் டெர்மினலிலேயே போடுங்கள், அது உதவும். இணையாக ஓட்டுவதற்கென்று செய்யப்படாத இரண்டு சப்ளைகள் சுமையைச் சமமாகப் பகிராது. சற்று உயர்ந்த வோல்ட் உள்ளது எல்லாவற்றையும் தாங்கிச் சூடேறும். பெரியதாக ஒன்றே வாங்குங்கள். பேட்டரி சார்ஜரையும் தனியாக இணைக்க வேண்டாம். சாதாரண சார்ஜரில் ஃபில்டர் கிடையாது, உறுமல் நேராக ஸ்பீக்கருக்கு வரும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் இணைத்தால் மட்டும் 'ம்ம்ம்' என்கிறது, மொபைலில் இல்லை.

பதில்: எர்த் சுற்று. கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒரு எர்த், நடுவில் பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரின் உலோக உறை; மூன்றும் வளையமாகிவிடுகின்றன. இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் ஆர்.சி.ஏ. ஒயரில் இரு பக்க எர்த்தையும் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபார்மர் வகை ஐசொலேட்டர் போடுங்கள். எர்த் பின்னை வெட்டினாலும் சத்தம் நிற்கும், ஆனால் ஒரு கசிவு வந்தால் உலோக உடம்பைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் 8 ஓம் ஸ்பீக்கர்களை மாட்டலாமா?

பதில்: தாராளமாக. 4 ஓமில் வரும் சக்தியில் பாதியளவு கிடைக்கும், ஆம்ப்ளிஃபையரும் குளிர்ச்சியாக இருக்கும். ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயர்களை மட்டும் ஒன்றாகச் சேர்க்கவோ சப்ளையின் நெகட்டிவில் கட்டவோ கூடாது.