வாசகர் கேள்வி – பதில்: எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையே இரண்டு சைக்கிள்கள்

கேள்வி: நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் வரும் ஜனவரியில் விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு வரை சைக்கிளில் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். தென்காசியில் பொதிகை விரைவு வண்டியில் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, அன்று மாலையே சென்ட்ரலிலிருந்து ஹவுரா மெயிலைப் பிடிக்க வேண்டும். என்னுடையது சாதாரண சைக்கிள். மகளுடையது கியர் சைக்கிள். இரண்டையும் பிரித்து அட்டைப் பெட்டியில் கட்டித் தருமாறு உள்ளூர்க் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சென்னை எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அந்தப் பெட்டிகளை எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு எந்த வண்டியில் கொண்டுபோவது நல்லது?
— வாசகர், தென்காசி

பதில்: முதலில் கடைக்காரரிடம் சென்று, பெட்டி கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பயணத்தில் சைக்கிளுக்கு ஆபத்தான இடம் ரயில் அன்று. இரண்டு ரயில்களுக்கு நடுவே கிடக்கும் சென்னைதான். எழும்பூரிலிருந்து சென்ட்ரல் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. சக்கரங்கள் மாட்டியபடி இருக்கும் சைக்கிளுக்கு அது பத்து நிமிட ஓட்டம். தள்ளிக்கொண்டு நடந்தாலும் அரை மணி நேரம் போதும். அதே சைக்கிள் பெட்டிக்குள் போய்விட்டால், ஆட்டோவின் பின்னிருக்கையிலும் அடங்காது, காரின் டிக்கியிலும் அடங்காது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய, தனி வண்டி பிடிக்க வேண்டிய சரக்காக மாறிவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதக் காலையில், பெட்டியில் அடைத்த சைக்கிளுடன் எழும்பூர் வாசலில் நின்றேன். இரண்டு ஆட்டோக்காரர்கள் பெட்டியைப் பார்த்ததுமே மறுத்துவிட்டார்கள். மூன்றாமவர் மேற்கூரையில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். பாலம் ஏறுவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. சென்ட்ரல் வாசலில் இறக்கும்போது நனைந்த அட்டையின் அடிப்பக்கம் பிளந்து, முன்சக்கரத்தின் அச்சும் அதன் சிறிய சுருள்வில்லும் சாலையில் விழுந்தன. அச்சைக் கண்டெடுத்தேன், வில்லைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று முதல், ரயிலில் செல்லும்போது நான் சைக்கிளைப் பெட்டியில் அடைப்பதே இல்லை.

ரயிலில் ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. உங்கள் பயணச்சீட்டைக் காட்டி ‘லக்கேஜ்’ ஆகப் பதிவு செய்தால், நீங்கள் செல்லும் அதே வண்டியின் சரக்குப் பெட்டியில் சைக்கிளும் வரும். பயணச்சீட்டு இல்லாமல் ‘பார்சல்’ ஆகவும் அனுப்பலாம். ஆனால் அது இடம் கிடைக்கும் வண்டியில்தான் போகும், மறுநாள் வந்து சேரவும் கூடும். ஒரே பகலில் வண்டி மாறும் உங்களுக்கு லக்கேஜ் பதிவைத் தவிர வேறு வழி இல்லை. பயணிகளுக்குரிய இலவச எடை அளவு சைக்கிளுக்குப் பொருந்தாது. ஆகவே முழுக் கட்டணமும் செலுத்த வேண்டியிருக்கும். புறப்படும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பாகவாவது பொருளை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இரண்டு மணி நேரம் முன்னதாகச் சென்றால்தான் படிவம், எடை, ரசீது, ஏற்றுதல் எல்லாம் பதற்றமில்லாமல் முடியும்.

தென்காசியில் பதிவு செய்வதைவிட, வண்டி புறப்படும் இடமான செங்கோட்டைக்கே சைக்கிளைக் கொண்டுசென்று பதிவு செய்யுங்கள் என்பேன். வழியில் உள்ள நிலையங்களில் வண்டி சில நிமிடங்களே நிற்கும். அந்த அவசரத்தில் ஏற்றினால் கிடைத்த இடத்தில் திணிப்பார்கள், சில வேளைகளில் ஏற்றாமலேயே விட்டுவிடுவார்கள். புறப்படும் நிலையத்தில் சரக்குப் பெட்டி நெடுநேரம் திறந்திருக்கும். சுமை ஏற்றுபவரிடம், “அண்ணே, கியர் இருக்கிற பக்கம் கீழே படாமல் சாய்த்து வையுங்கள்” என்று நேரில் சொல்லி, அவர் வைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். இந்த ஒரு வாக்கியம் உங்கள் மகளின் சைக்கிளுக்கு மிகவும் முக்கியம். பின் கியர் தொங்கும் சிறிய உலோகத் துண்டு வளைந்துவிட்டால் கியர் ஒழுங்காக மாறாது. அரக்கு மலைப்பாதையில் அதைவிடப் பெரிய தொல்லை வேறு இல்லை. ஏற்றுவதற்கு முன் செயினைப் பின்பக்கத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி வைத்தால், கியர் பாகம் உள்ளே ஒடுங்கி ஓரளவு பாதுகாப்பாக இருக்கும்.

கட்டும் முறையும் சென்னையை மனத்தில் வைத்தே அமைய வேண்டும். எழும்பூரில் ஐந்து நிமிடத்தில் அவிழ்க்கவும், சென்ட்ரலில் பத்து நிமிடத்தில் மறுபடி கட்டவும் முடிய வேண்டும். ஏ.சி. குழாய்களுக்கு மாட்டும் கறுப்பு ஃபோம் குழாய் ஹார்டுவேர் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அதை நீளவாக்கில் கீறிச் சைக்கிளின் சட்டத்தில் மாட்டி, மேலே பழைய வேட்டித் துணியால் சுற்றிச் சணல் கயிறு கட்டுங்கள். பெடல்கள் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவைதான் பக்கத்திலுள்ள பொருள்களில் சிக்கிச் சைக்கிளைக் கவிழ்ப்பவை. வலது பெடல் வழக்கமான திசையில் கழலும். இடது பெடலின் மரை தலைகீழானது, கடிகாரமுள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்த்திசையில் முழு பலத்தோடு முறுக்கிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹேண்டில்பாரைத் தளர்த்திச் சட்டத்துக்கு இணையாகத் திருப்பி, சீட்டை அடிவரை இறக்கிவிட்டால் போதும். சக்கரங்களைத் தொட வேண்டாம். ஒரு ஸ்பானர், ஓர் ஆலன் கீ கொத்து, ஒரு சிறிய பம்ப் ஆகிய மூன்றும் சரக்குப் பெட்டிக்குள் போகாமல் உங்கள் தோள்பையில் இருக்கட்டும்.

பெயர்ச்சீட்டில் ஊர்ப் பெயரோடு நிலையத்தின் குறியீட்டையும் பெரிதாக எழுதுங்கள். எழும்பூருக்கு எம்.எஸ்., சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்., தாம்பரத்துக்கு டி.பி.எம்.; ‘சென்னை’ என்று மட்டும் எழுதினால் அது எந்தச் சென்னை என்ற குழப்பம் வரும். தென் மாவட்ட வண்டிகளில் சில தாம்பரத்தோடு நின்றுவிடுவதும் உண்டாகையால், உங்கள் பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் கடைசி நிலையத்தைச் சரிபார்த்த பிறகே சீட்டை ஒட்டுங்கள். சைக்கிளின் அடியில், பெடல் அச்சு செல்லும் குழாயின் கீழே பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், ரசீதின் அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் நல்லது. அசல் இல்லாமல் சைக்கிளை விடுவிக்கப் பல கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எழும்பூரில் இறங்கியதும் சரக்குப் பெட்டிக்குச் சென்று ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளுங்கள். பார்சல் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டால் அங்கே சென்று பெறலாம். பெடலை மாட்டி, ஹேண்டில்பாரை நேராக்கி, பிரேக்கை இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நிலையத்தின் முன்னுள்ள காந்தி இர்வின் சாலை வழியே பாலம் ஏறி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வலப்புறம் திரும்பினால், வெண்ணிற ரிப்பன் கட்டடத்தையும் அதை அடுத்துச் செந்நிற விக்டோரியா பொது மண்டபத்தையும் கடந்ததும் சென்ட்ரலின் மணிக்கூண்டு தெரியும். காலை ஏழு மணிக்குள் சென்றால் பேருந்துகளின் நெருக்கடி குறைவாக இருக்கும். சென்னைச் சாலைக்குப் பழகாத உங்கள் மகள் பாலத்தின் இறக்கத்தில் தயங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரட்டும். இதில் தவறொன்றும் இல்லை. எழும்பூரிலிருந்து பார்க் நிலையம் புறநகர் ரயிலில் ஒரே நிறுத்தம்தான் என்று யாரேனும் யோசனை சொல்லலாம். இரண்டு சைக்கிள்களைப் படியேற்றி, படியிறக்கி, சாலையையும் கடந்து அந்த ஒரு நிறுத்தத்தை மிச்சப்படுத்துவதில் எந்தப் பயனும் இல்லை.

சென்ட்ரலின் பார்சல் அலுவலகத்துக்கு வால்டாக்ஸ் சாலைப் பக்கம் செல்ல வேண்டும். மாலை வண்டிக்கு மதியத்துக்குப் பிறகு சென்றால் போதும் என்பதால், நடுவில் கிடைக்கும் நேரத்தில் காமராஜர் சாலை வழியே மெரினாவைப் பார்த்துவிட்டு வரலாம். சமதளமான சாலை; இரவெல்லாம் சரக்குப் பெட்டியில் கிடந்த சைக்கிளில் ஏதேனும் கோளாறு ஏற்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். விசாகப்பட்டினத்தில் தெரிவதைவிடச் சென்னையில் தெரிவது நல்லது, ஏனெனில் கடை திறந்திருக்கும், உங்கள் மொழியில் பேசிச் சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து என் தம்பி பெட்டியில் கட்டிய சைக்கிளுடன் விமானத்தில் வருகிறான். மீனம்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? மெட்ரோவில் அனுமதிப்பார்களா?
— வாசகி, திருவான்மியூர்

பதில்: விமானத்தில் பெட்டி தவிர்க்க முடியாதது, ஆகவே மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. மெட்ரோ நிலையத்தில் எல்லாப் பைகளும் ஊடுகதிர்ச் சோதனைப் பொறிக்குள் புகுந்து வர வேண்டும். முழுச் சைக்கிள் பெட்டிக்கு அது வழியன்று. வாடகைக் காரைப் பதிவு செய்யும்போது, டிக்கிக்குள் எரிவாயு உருளை பொருத்திய கார்கள் பல ஓடுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். பின்னிருக்கையை மடக்கக்கூடிய பெரிய காரை மட்டும் பதிவு செய்து, பெட்டியின் நீளத்தை ஓட்டுநரிடம் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தம்பியின் மற்ற பெட்டிகளும் அதிகமாக இருந்தால், லோடு ஆட்டோவோ குட்டியானையோ அமர்த்திக்கொண்டு, ஆட்கள் தனியே காரில் வருவதே சிக்கனமும் நிம்மதியும் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மாதமானால் பெட்டியை மூடத் தார்ப்பாய் இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சைக்கிள் மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர முடியாது. சாதாரண மின்சைக்கிளின் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலமே 360 வாட்-மணி. தம்பி மின்கலத்தை அங்கேயே விட்டுவிட்டு, இங்கே புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: வாரந்தோறும் மடக்கு சைக்கிளுடன் எழும்பூரிலிருந்து தாம்பரம் சென்று, அங்கிருந்து கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு ஓட்டிச் செல்கிறேன். மாலை மின்தொடர் ரயிலில் ஏறவே முடியவில்லை.
— வாசகர், எழும்பூர்

பதில்: மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை தாம்பரம் செல்லும் ரயில்களில் மனிதர்கள் நிற்பதற்கே இடம் கிடையாது, அந்த நெரிசலில் சைக்கிளை ஏற்றுவது உங்களுக்கும் பிறருக்கும் துன்பம். நான்கரை மணிக்குள் புறப்பட முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாத நாளில் கடற்கரை நிலையத்துக்கு எதிர்த்திசை ரயிலில் சென்று, அங்கே காலியாகப் புறப்படும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். பயணச்சீட்டையும் கடற்கரை வழியாகச் செல்வதற்கு ஏற்ப எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை மடக்கி ஒரு துணிப்பைக்குள் போட்டு, செயின் பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி வாசலிலிருந்து தள்ளி வைத்தால், பக்கத்தில் நிற்பவரின் புடவையிலோ வேட்டியிலோ எண்ணெய்க் கறை படாது.