விதையும் கடைசி பெஞ்சும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் ஐ.க்யூ. என்னும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். 84 வந்தது; சராசரியைவிடக் குறைவாம். ‘விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?’ என்கிறார் மாமனார். இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பரம்பரையின் பங்கைக் கணக்கிடும் இரட்டையர் ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றனவாம். அறிவு பிறப்பிலா, வளர்ப்பிலா?

எம்., சேலம்

அன்புள்ள எம்.,

இரண்டிலும்தான். இரட்டையர் ஆய்வுகளில் பரம்பரைக்கு இவ்வளவு என்று வரும் சதவீதம், ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. உங்கள் மகனின் அறிவில் அப்பன் பங்கு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. மாமனாரை விடுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். 84 என்றதும் யாருடைய ரத்தம் என்று தேடப் போய்விட்டீர்கள். அவன் எந்தக் கேள்வியில் தடுமாறினான் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை.

இந்தச் சோதனையைத் தொடங்கிவைத்த பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே அதைத்தான் பார்த்தார். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவுவதற்காக, பாரிஸில் 1905-ல் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 30 சின்னச் சின்ன சோதனைகளை உருவாக்கினார். ‘இவனுக்கு இவ்வளவுதான் அறிவு’ என்று பேசியவர்களை 1909-ல் கடுமையாகக் கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சிலை விளையாட்டு வைத்தார். சொன்னதும் அசையாமல் நிற்க வேண்டும். கவனம் பழகினால்தானே பாடம் ஏறும்? ஐ.க்யூ. என்ற ஒற்றை எண்ணே அவர் இறந்தபின், 1912-ல் ஜெர்மன் உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஹென்றி காடர்ட் போன்ற உளவியலாளர்கள் பினேயின் சோதனையைப் பிறவி அறிவை அளக்கும் கோலாக்கினார்கள்.

என் வகுப்பில் ஒருவனுக்குக் காதில் சீழ் வடியும். பஞ்சு வைத்துக்கொண்டு வருவான். நாற்றம் அடிக்கிறது என்று வாத்தியாரிடம் சொன்னது நாங்கள்தான். கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நிற்பான். ‘மண்டையில களிமண்ணு’ என்று குட்டு விழும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். முப்பது வருடம் கழித்து என் மகளுக்குக் காதில் சீழ் வந்தது. “சரியாகும்வரை வகுப்பில் முன்னால் உட்காரச் சொல்லுங்கள், காது மந்தமாக இருக்கும்” என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் எனக்கு அவன் நின்ற நிலை புரிந்தது.

நாளைக்கே பள்ளிக்குப் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.